லினக்ஸில் விசிறிச் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி இரைந்தால் பலரும் நேராக விசிறியின் வேகத்தில்தான் கை வைக்கிறார்கள். ஆனால் விசிறி தானாக வேகமெடுப்பதில்லை. ஏதோ ஒரு வெப்ப உணரியைப் பார்த்து யாரோ அதற்கு உத்தரவு போடுகிறார்கள். அந்த ‘யாரோ’ மதர்போர்டின் பயாஸாக (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) இருக்கலாம், மடிக்கணினிக்குள் இருக்கும் சின்ன கன்ட்ரோலராக இருக்கலாம், கிராஃபிக்ஸ் கார்டாக இருக்கலாம், லினக்ஸில் நீங்களே நிறுவிய நிரலாகவும் இருக்கலாம். அது யார் என்று தெரிந்துகொண்ட பிறகு கை வைத்தால் பாதி வேலை மிச்சம்.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்படி தமிழில் இருக்கின்றன. டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

சத்தம் விசிறியிலிருந்துதான் வருகிறதா என்று எப்படி உறுதிப்படுத்துவது?

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘உஸ்ஸ்’ என்று சீராக வந்தால் அது காற்றின் இரைச்சல். விசிறி நன்றாக இருக்கிறது, வேகம்தான் அதிகம். ‘கரகர’ என்றோ, கணினி போட்டதும் சில நிமிடம் முனகிவிட்டுப் பிறகு அடங்கியோ வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ‘டக டக’ என்று தாளம் தப்பாமல் வந்தால் ஏதோ ஒரு கேபிள் இறக்கையில் உரசுகிறது. பக்கத்தை ஸ்க்ரோல் செய்யும்போதோ, விளையாட்டின் மெனுவில் நிற்கும்போதோ ‘கீ...’ என்று மெல்லிய உயர் ஒலி கேட்டால் அது விசிறியே இல்லை. மின்சுற்றின் சுருள்கள் அதிர்வதால் வரும் காயில் வைன் அது. எந்த விசிறி நிரலாலும் அதை அடக்க முடியாது.

பல விசிறிகள் உள்ள மேசைக்கணினியில் எது இரைகிறது என்று காதால் மட்டும் பிரிப்பது கடினம். கைப்பேசியில் ஒலி அலைவரிசை காட்டும் செயலி ஒன்று இருந்தால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடச் சுற்றை (ஆர்பிஎம்) 60ஆல் வகுத்து, இறக்கைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 7 இறக்கை விசிறி 1200 ஆர்பிஎம்மில் சுற்றினால் 140 ஹெர்ட்ஸில் ஒரு முகடு தெரியும். அந்த இடத்தில் முகடு நின்றால் ஆள் சிக்கிவிட்டார்.

இன்னும் நேரடியான வழி, ஒவ்வொரு விசிறியாக வேகத்தை மாற்றிப் பார்ப்பது. அது ஃபேன்கன்ட்ரோல் என்ற விசிறி வேக நிரல் பற்றிய கேள்வியில் வருகிறது. இறக்கையை விரலால் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். சிறிய வேகமான விசிறிகள் விரலையும் வெட்டும், இறக்கையும் உடையும்.

விண்டோஸில் அமைதியாக இருந்த கணினி லினக்ஸ் போட்டதும் ஏன் இரைகிறது?

நிறுவிய முதல் நாள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். குனோமில் டிராக்கரும் (புதிய பதிப்புகளில் பெயர் லோக்கல்சர்ச்) கேடிஈயில் பாலூவும் எல்லாக் கோப்புகளையும் படித்து அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும். அது முடிந்ததும் சத்தம் தானே அடங்கும்.

ஒரு வாரமாகியும் அப்படியே இருந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. விண்டோஸில் தயாரிப்பாளரின் நிரல் ஒன்று ‘அமைதி’ முறையைத் தேர்ந்து வைத்திருக்கும். லினக்ஸில் அந்த நிரல் இல்லாததால் கணினி, வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் பொது முறையிலேயே ஓடும். அல்லது, இணையக் காணொளியை கிராஃபிக்ஸ் சில்லு விரிப்பதற்குப் பதில் சிபியு தன் பலத்தால் விரித்துக்கொண்டிருக்கும். அல்லது, மடிக்கணினியின் இரண்டாவது கிராஃபிக்ஸ் சில்லு தூங்காமல் விழித்தே இருக்கும்.

முதலாவதைப் பார்க்க எளிய வழி உண்டு:

கேட் /சிஸ்/ஃபர்ம்வேர்/ஏசிபிஐ/பிளாட்ஃபார்ம்_புரொஃபைல்

இந்தக் கோப்பு இருந்தால் ‘லோ-பவர்’, ‘பேலன்ஸ்ட்’, ‘பெர்ஃபார்மன்ஸ்’ போன்ற ஒரு சொல் வரும். லினக்ஸின் மையமான கர்னலின் 5.12 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. உங்கள் மாடலின் டிரைவர் ஆதரித்தால்தான் கோப்பு தெரியும். மேசைச்சூழலின் மின்கலப் பட்டியலில் உள்ள ‘மின்சேமிப்பு’ பொத்தானும் இந்தக் கோப்பைத்தான் தொடுகிறது. பல மடிக்கணினிகளில் இந்த ஒரு மாற்றமே போதும், கீழே உள்ள எதையும் படிக்க வேண்டியதில்லை.

காணொளி விஷயத்துக்கு ‘விஏஇன்ஃபோ’ என்ற கட்டளை. எந்தெந்த வடிவங்களை வன்பொருளால் விரிக்க முடியும் என்று அது பட்டியல் தரும். பட்டியல் காலியாக வந்தால் காணொளியை வன்பொருளிடம் ஒப்படைக்கும் விஏ-ஏபிஐ டிரைவர் நிறுவப்படவில்லை. பட்டியல் நிறைய வந்தும் உலாவி சிபியுவைத் தின்கிறது என்றால் உலாவியின் அமைப்பில் வன்பொருள் முடுக்கம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெப்பநிலையையும் சுழற்சி வேகத்தையும் எப்படிப் பார்ப்பது?

டெபியன், உபுண்டுவில் ‘எல்எம்-சென்சர்ஸ்’ என்ற தொகுப்பு. ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் அதே பெயர், நடுவில் இடைக்கோட்டுக்குப் பதில் அடிக்கோடு. நிறுவியதும் ஒருமுறை ‘சூடோ சென்சர்ஸ்-டிடெக்ட்’ ஓட்டுங்கள். அது கேட்கும் கேள்விகளுக்கு எல்லாம் என்டர் தட்டிக்கொண்டே போகலாம். ஆபத்தான தேடல்களுக்கு இயல்பு விடையே ‘வேண்டாம்’ என்று வைத்திருக்கிறார்கள். பிறகு:

வாட்ச் -என் 1 சென்சர்ஸ்

நொடிக்கு ஒருமுறை எண்கள் புதுப்பிக்கும். இன்டெல் செயலியில் ‘கோர்டெம்ப்’ தலைப்பின் கீழ் ‘பேக்கேஜ் ஐடி 0’ வரியையும், ஏஎம்டியில் ‘கே10டெம்ப்’ கீழ் ‘டிசிடிஎல்’ வரியையும் பாருங்கள். விசிறிகள் ‘ஃபேன்1’, ‘ஃபேன்2’ என்று ஆர்பிஎம்மில் வரும். சில வரிகளில் 0 இருக்கும். அங்கே விசிறி மாட்டப்படவில்லை, அல்லது நின்றிருக்கிறது என்று அர்த்தம். மைனஸ் டிகிரியோ 127 டிகிரியோ காட்டும் வரிகள் எதனோடும் இணைக்கப்படாத கால்கள். அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இந்த எண்கள் எல்லாம் /சிஸ்/கிளாஸ்/ஹெச்டபிள்யூமான் கோப்புறையில் சாதாரணக் கோப்புகளாகவே கிடக்கின்றன. ‘டெம்ப்1_இன்புட்’ கோப்பில் 52000 என்று இருந்தால் 52 டிகிரி. ஆயிரத்தால் வகுக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்கின் சூடும் வேண்டுமானால் ‘மோட்ப்ரோப் டிரைவ்டெம்ப்’ (மோட்ப்ரோப் என்பது கர்னலில் டிரைவரை ஏற்றும் கட்டளை). கர்னல் 5.6இலிருந்து சாட்டா வட்டுகளின் வெப்பநிலையும் இதே பட்டியலில் சேர்ந்துவிடும். என்விஎம்இ வட்டுகள் இந்தச் சிரமம் இல்லாமலே தெரியும்.

சென்சர்ஸ் சூட்டைக் காட்டுகிறது, விசிறியைக் காட்டவில்லை. ஏன்?

சூட்டைச் சொல்வது செயலி. விசிறியைச் சொல்வது மதர்போர்டில் இருக்கும் சூப்பர் ஐஓ என்ற தனிச் சில்லு. பெரும்பாலும் அது நுவோட்டான் அல்லது ஐடிஈ தயாரிப்பு. அதற்கான டிரைவர் ஏற்றப்படாவிட்டால் விசிறி வரி வராது. நுவோட்டானுக்கு ‘என்சிடி6775’, ஐடிஈக்கு ‘ஐடி87’ தொகுதியை மோட்ப்ரோப் செய்து பாருங்கள்.

ஏற்றும்போது ‘சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருளில் பிழை வந்தால் கர்னலின் ‘டிமெஸ்ஜி’ பதிவில் ஏசிபிஐ (ஃபர்ம்வேரும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் முறை) முரண்பாடு பற்றி ஒரு வரி இருக்கும். அந்தச் சில்லின் முகவரியை ஃபர்ம்வேர் தனக்கென்று பதிந்துவைத்திருக்கிறது. கர்னல் தொடங்கும்போது கொடுக்கும் அளவுருவில் ‘ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ்=லேக்ஸ்’ சேர்த்தால் கர்னல் விட்டுக்கொடுக்கும். இணையத்தில் எங்கு பார்த்தாலும் இதைத்தான் சொல்வார்கள். பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. ஆனாலும் ஃபர்ம்வேரும் கர்னலும் ஒரே நேரத்தில் ஒரே சில்லோடு பேசினால் தவறான எண்கள் வரலாம், கட்டளைகள் குழம்பலாம். ஐடி87க்கு மட்டும்தான் தேவை என்றால் அந்தத் தொகுதிக்கே ‘இக்னோர்_ரிசோர்ஸ்_கான்ஃப்ளிக்ட்=1’ கொடுப்பது நல்லது; தளர்வு ஒரு டிரைவரோடு நிற்கும்.

மடிக்கணினியில் சூப்பர் ஐஓ இல்லை. அங்கே ‘எம்பெடட் கன்ட்ரோலர்’ என்ற தனிச் சில்லுதான் ராஜா. தயாரிப்பாளருக்கேற்ற டிரைவர் இருந்தால் தெரியும். இல்லாவிட்டால் எத்தனை முறை சென்சர்ஸ்-டிடெக்ட் ஓட்டினாலும் பயனில்லை.

எத்தனை டிகிரி வரை கவலையில்லை?

சும்மா இருக்கும்போது 35 முதல் 55 வரை, வேலை செய்யும்போது 70 முதல் 85 வரை என்றால் நிம்மதியாக இருங்கள். இன்டெல் செயலிகள் பலவற்றில் உச்சவரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டதும் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசன் 7000 வரிசை மேசைச் செயலிகளோ கடும் வேலையில் 95 வரை போவதை இயல்பு என்றே வடிவமைக்கப்பட்டவை. எனவே எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மாடலின் வரம்போடு ஒப்பிடுங்கள்.

முதல் தலைமுறை ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷம்: டிசிடிஎல் வரி உண்மையான சூட்டைவிட 20 டிகிரி கூட்டிக் காட்டும். விசிறியை ஓட்டுவதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ‘டிடை’ வரி இருந்தால் அதை நம்புங்கள்.

எந்த நிரல் சூடாக்குகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

‘ஹெச்டாப்’ திறந்து சிபியு வரிசைப்படி பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை உலாவியின் ஒரு தாவல்தான். உலாவிக்குள்ளேயே பணி மேலாளர் இருக்கிறது. எந்தத் தாவல் என்று அது சொல்லிவிடும். மீதி, பின்னணியில் மறந்துபோன மெய்நிகர் கணினி, கன்டெய்னர், எங்கோ மாட்டிக்கொண்டு சுற்றும் புதுப்பிப்பு.

ஆனால் ஹெச்டாப் சிபியுவை மட்டுமே காட்டும். கிராஃபிக்ஸ் பக்கம் பார்க்க இன்டெலுக்கு ‘இன்டெல்_ஜிபியு_டாப்’, என்விடியாவுக்கு ‘என்விடியா-எஸ்எம்ஐ’, ஏஎம்டிக்கு ‘ரேடியான்டாப்’. ‘பவர்டாப்’ இன்னொரு கோணம் தரும்: சிபியு சதவீதம் குறைவாக இருந்தும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை செயலியைத் தட்டி எழுப்பும் நிரல்களை அது பிடித்துக் கொடுக்கும்.

சிபியு 2 சதவீதம்தான், எந்த நிரலும் ஓடவில்லை, விசிறி மட்டும் நிற்காமல் ஓடுகிறது. இது என்ன மாயம்?

இந்தக் கேள்விதான் உண்மையில் சுவாரஸ்யமானது. இதற்கு ஒரே விடை இல்லை. வரிசையாகச் சோதித்துக்கொண்டு போக வேண்டும்.

முதலில் சூட்டைப் பாருங்கள். சிபியு சும்மா இருந்தும் 70 டிகிரி என்றால் வெப்பம் வெளியேறவில்லை. வெப்பத்தகட்டின் இடுக்கில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும், அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். மென்பொருளால் தீராத வழக்கு. இதை உறுதிப்படுத்த ஒரு நல்ல அடையாளம் உண்டு: ‘ஸ்ட்ரெஸ்-என்ஜி --சிபியு 0 --டைம்அவுட் 60’ ஓட்டுங்கள். ஒரு நிமிடம் எல்லாக் கோர்களையும் முடுக்கும். தொடங்கிய ஓரிரு நொடியில் சூடு 95க்குத் தாவி, நிறுத்திய கணமே 60க்கு விழுந்தால் செயலிக்கும் வெப்பத்தகட்டுக்கும் நடுவில் தொடர்பு கெட்டிருக்கிறது, அதாவது பேஸ்ட். மெதுவாக ஏறி, நிறுத்திய பிறகும் மெதுவாகவே இறங்கினால் வெப்பம் தகடு வரை வந்துவிட்டது, காற்றுதான் அதை எடுத்துப் போகவில்லை. அப்போது தூசியைத் தேடுங்கள்.

சூடு குறைவாக, 45 டிகிரி போல இருந்தும் விசிறி ஓடுகிறதா? அப்படியானால் உத்தரவு வேறு உணரியிலிருந்து வருகிறது. இரட்டை கிராஃபிக்ஸ் உள்ள மடிக்கணினியில் முதல் சந்தேகம் இரண்டாவது சில்லு மீது. ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையில் அதன் முகவரியைப் பார்த்துக்கொண்டு, /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ் கோப்புறையில் அந்த முகவரியின் உள்ளே ‘பவர்/ரன்டைம்_ஸ்டேட்டஸ்’ கோப்பைப் படியுங்கள். ‘சஸ்பெண்டட்’ என்றால் தூங்குகிறது. ‘ஆக்டிவ்’ என்றால் விழித்திருக்கிறது, சும்மா இருந்தே மின்சாரத்தைக் குடிக்கிறது. இங்கே ஒரு பொறி: என்விடியா-எஸ்எம்ஐ ஓட்டிப் பார்த்தால் அந்தக் கட்டளையே சில்லை எழுப்பிவிடும். தூங்குகிறதா என்று தட்டிக் கேட்கக் கூடாது, மேலே சொன்ன கோப்பைத்தான் பார்க்க வேண்டும். பணிப்பட்டையில் கிராஃபிக்ஸ் சூட்டைக் காட்டும் அழகான விட்ஜெட் ஒன்று வைத்திருந்தால், சில்லைத் தூங்கவிடாதது அதுவாகவே இருக்கலாம்.

அடுத்து ஏசிபிஐ குறுக்கீட்டுப் புயல். ஹெச்டாப்பில் ‘கேவொர்க்கர்’ என்ற பெயர் ஒரு கோரை முழுசாகப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ‘கேஏசிபிஐடி’ என்று இருந்தால் இதுதான். ஃபர்ம்வேரின் ஏதோ ஒரு நிகழ்வு நொடிக்கு ஆயிரக்கணக்கில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

கிரெப் . /சிஸ்/ஃபர்ம்வேர்/ஏசிபிஐ/இன்டரப்ட்ஸ்/ஜிபிஇ*

வரும் பட்டியலில் மற்றதெல்லாம் 0, 12, 340 என்று இருக்க, ஒன்று மட்டும் லட்சக்கணக்கில் நிற்கும். சில நொடி கழித்து மறுபடி பார்த்தால் இன்னும் ஏறியிருக்கும். ரூட்டாக (நிர்வாகியாக) இருந்து அந்தக் கோப்பில் ‘டிஸேபிள்’ என்று எழுதினால் புயல் அடங்கும், விசிறியும் அடங்கும். நிரந்தரமாக்க, கர்னல் அளவுருவாக ‘ஏசிபிஐ_மாஸ்க்_ஜிபிஇ’ கொடுத்து அந்த எண்ணைச் சேர்க்கலாம். அதற்கு முன் சில நாள் தற்காலிகமாக ஓட்டிப் பாருங்கள். அந்த நிகழ்வை நம்பியிருந்த மூடி உணரியோ, வெளிச்சப் பொத்தானோ, சார்ஜர் செருகியது தெரிவதோ நின்றுபோகக்கூடும். பயாஸ் புதுப்பிப்பு கிடைத்தால் அதை முதலில் போட்டுவிடுங்கள். கோளாறின் வேர் அங்கேதான்.

இவை எதுவும் இல்லையென்றால் மின்சாரத்தை முழுசாகத் துண்டியுங்கள். மடிக்கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஆன் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எம்பெடட் கன்ட்ரோலர் குழம்பிப்போய் விசிறியை விடாமல் பிடித்திருந்தால் இதில் தெளிந்துவிடும். சாதாரண மறுதொடக்கத்தில் அந்தச் சில்லுக்கு மின்சாரம் அறுவதே இல்லை.

விசிறி ஏறி ஏறி இறங்குகிறது. நிலையான சத்தத்தைவிட இதுதான் எரிச்சலாக இருக்கிறது.

காது மாற்றத்தைத்தான் கவனிக்கும். 900 ஆர்பிஎம்மில் நிலையாக ஓடும் விசிறியை அரை மணி நேரத்தில் மறந்துவிடுவீர்கள். 600க்கும் 1100க்கும் ஊசலாடுவதை மறக்கவே முடியாது.

ஒரு சுட்டியைச் சொடுக்கினாலே டர்போ வேகத்தில் ஒரு கோர் பாய்ந்து, ஒரு நொடியில் 20 டிகிரி ஏறி இறங்கும். வெப்பத்தகடு அதற்குள் சூடாகியே இருக்காது. ஆனால் வேக வளைவு (எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்ற கோடு) செங்குத்தாக இருந்தால் விசிறி ஒவ்வொரு துள்ளலுக்கும் ஓடும். மேசைக்கணினியின் பயாஸில் ‘ஸ்டெப் அப்’, ‘ஸ்மூதிங்’ போன்ற பெயரில் தாமத அமைப்பு இருக்கும். சில நொடிகள் கொடுங்கள். வளைவின் 40 முதல் 65 டிகிரி வரையான பகுதியைக் கிட்டத்தட்டத் தட்டையாக இழுத்துவிட்டு, அதற்கு மேல் ஏறவிடுங்கள்.

மடிக்கணினியில் வளைவு கைக்கு வராது. அங்கே துள்ளலையே குறைக்கலாம்: இன்டெலில் /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/இன்டெல்_பிஸ்டேட்/நோ_டர்போ கோப்பில் 1 எழுதுங்கள். மற்ற பல டிரைவர்களில் சிபியுஃப்ரீக் கோப்புறையின் ‘பூஸ்ட்’ கோப்பில் 0. உச்ச வேகம் குறையும்தான். எழுத்து, உலாவல், கூட்டம் என்று போகும் நாளில் வித்தியாசமே தெரியாது. மறுதொடக்கத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதால் பயமின்றிச் சோதிக்கலாம்.

மேசைக்கணினியில் வேகத்தை பயாஸில் அமைப்பதா, லினக்ஸில் அமைப்பதா?

என் ஓட்டு பயாஸுக்கு. கர்னல் உறைந்தாலும், நிரல் செத்தாலும், வேறு லினக்ஸ் போட்டாலும் பயாஸ் வளைவு வேலை செய்துகொண்டிருக்கும். பயாஸில் முதலில் பார்க்க வேண்டியது விசிறியின் வகை: நான்கு முனை விசிறிக்கு பிடபிள்யூஎம் (மின்துடிப்பால் வேகம் மாற்றுவது), மூன்று முனைக்கு டிசி (மின்னழுத்தத்தால் வேகம் மாற்றுவது). மூன்று முனை விசிறியை பிடபிள்யூஎம் முறையில் விட்டால் அது எப்போதும் முழு வேகத்தில் கத்தும். இந்த ஒரு அமைப்பை மாற்றியதும் சத்தம் தீர்ந்த கணினிகள் ஏராளம்.

லினக்ஸுக்கு வர வேண்டிய நியாயமான காரணம் ஒன்று உண்டு. பயாஸுக்கு கிராஃபிக்ஸ் கார்டின் சூடும் ஹார்ட் டிஸ்கின் சூடும் பெரும்பாலும் தெரியாது. பெட்டியின் முன் விசிறி கிராஃபிக்ஸ் கார்டைப் பார்த்து ஓட வேண்டுமானால் மென்பொருள்தான் வழி.

ஃபேன்கன்ட்ரோலை எப்படி அமைப்பது?

முதலில் கையால் ஒரு விசிறியை ஓட்டிப் பாருங்கள். ஹெச்டபிள்யூமான் கோப்புறையில் ‘பிடபிள்யூஎம்2_எனேபிள்’ கோப்பில் என்ன எண் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு அதில் 1 எழுதுங்கள். கட்டுப்பாடு உங்கள் கைக்கு வரும். பிறகு ‘பிடபிள்யூஎம்2’ கோப்பில் 0 முதல் 255 வரை ஏதேனும் எண். 80 எழுதினால் சுமார் 31 சதவீதம். சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள், ‘ஃபேன்2_இன்புட்’ மாறுகிறதா என்று பாருங்கள். முடிந்ததும் எனேபிள் கோப்பில் பழைய எண்ணைத் திரும்ப எழுதுங்கள். இப்படி ஒவ்வொன்றாகச் செய்தால் இரைச்சல்காரர் யார் என்பதும் தெரிந்துவிடும்.

பிறகு ‘சூடோ பிடபிள்யூஎம்கான்ஃபிக்’. அது ஒவ்வொரு விசிறியையும் சில நொடி நிறுத்தி, எந்தக் கட்டுப்பாடு எந்த விசிறிக்கு என்று கண்டுபிடிக்கும். அந்த நேரத்தில் கடும் வேலை எதுவும் ஓட வேண்டாம். முடிவில் /ஈடிசி/ஃபேன்கன்ட்ரோல் என்ற கோப்பு உருவாகும். அதில் முக்கியமான ஆறு எண்கள்:

மின்டெம்ப்=45
மேக்ஸ்டெம்ப்=75
மின்ஸ்டார்ட்=60
மின்ஸ்டாப்=40
மின்பிடபிள்யூஎம்=40
மேக்ஸ்பிடபிள்யூஎம்=255

45 டிகிரிக்குக் கீழே விசிறி 40இல் ஓடும். 75க்கு மேல் 255, முழு வேகம். நடுவில் நேர்கோடாக ஏறும்: 60 டிகிரியில் 40இலிருந்து 255 வரையான தூரத்தில் பாதி, அதாவது 147. மின்ஸ்டாப் என்பது ஓடிக்கொண்டிருக்கும் விசிறி நின்றுவிடாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்சம். மின்ஸ்டார்ட் என்பது நின்ற விசிறியைக் கிளப்பத் தேவையான உந்து. அது எப்போதும் கொஞ்சம் அதிகம். இந்த இரண்டையும் பிடபிள்யூஎம்கான்ஃபிக் அளந்து சொல்வதைவிட ஐந்தோ பத்தோ கூட்டியே வையுங்கள். மின்பிடபிள்யூஎம் வரியை எழுதாமல் விட்டால் இயல்பு மதிப்பு 0, அதாவது 45க்குக் கீழே விசிறி நின்றுவிடும். பெட்டி விசிறிக்கு அது பரவாயில்லை. சிபியு விசிறிக்கு நான் வைக்க மாட்டேன்.

‘இன்டர்வல்=10’ என்பது பத்து நொடிக்கு ஒருமுறை பார்ப்பது. புதிய பதிப்புகளில் ‘ஆவரேஜ்’ என்ற வரியும் உண்டு. கடைசிச் சில அளவீடுகளின் சராசரியை எடுத்துக்கொள்ளும், ஊசலாட்டத்துக்கு நல்ல மருந்து. எல்லாம் சரியென்றால் ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் ஃபேன்கன்ட்ரோல்’.

ஒரு எச்சரிக்கை. ஃபேன்கன்ட்ரோல் முறையாக நின்றால் விசிறியைப் பழைய நிலைக்கு ஒப்படைத்துவிட்டுப் போகும். அதை ‘கில் -9’ கொடுத்துக் கொன்றால் விசிறி கடைசியாக எழுதிய வேகத்திலேயே மாட்டிக்கொள்ளும். செயலி தன்னைக் காத்துக்கொள்ளும்; மதர்போர்டின் மின்சுற்றுகளும் வட்டுகளும் அவ்வளவு கெட்டிக்காரத்தனமானவை அல்ல.

எழுத்துக் கோப்பு வேண்டாம், வரைபடமாக இழுத்து அமைக்க வேண்டும் என்பவர்களுக்கு கூலர்கன்ட்ரோல் இருக்கிறது. திரவக் குளிர்விப்பான்களையும் அது சேர்த்து ஆளும்.

நேற்று ஓடியது, கர்னல் புதுப்பித்ததும் ஃபேன்கன்ட்ரோல் தொடங்க மறுக்கிறது.

ஹெச்டபிள்யூமான்3 என்று இருந்தது இன்று ஹெச்டபிள்யூமான்4 ஆகியிருக்கும். டிரைவர்கள் ஏறும் வரிசைப்படி எண் போடப்படுவதால் அது நிலையில்லை. ஃபேன்கன்ட்ரோல் தன் கோப்பில் உள்ள ‘டெவ்பாத்’, ‘டெவ்நேம்’ வரிகளை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் ஓட மறுக்கும். அது மறுப்பது உங்கள் நன்மைக்கே. வேறு சில்லில் போய் எண் எழுதுவதைவிட இது மேல். பிடபிள்யூஎம்கான்ஃபிக்கை மறுபடி ஓட்டுங்கள், அல்லது எண்ணை மட்டும் கோப்பு முழுக்கத் திருத்துங்கள்.

தூக்கத்திலிருந்து எழுந்ததும் விசிறி முழு வேகத்தில் போகிறது.

எழும்போது சில்லு தன் பதிவுகளை மறந்து, எனேபிள் கோப்பு வேறு எண்ணுக்குப் போயிருக்கும். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ‘சிஸ்டம்-ஸ்லீப்’ கோப்புறையில் நான்கு வரி ஸ்கிரிப்ட் வைத்து, முதல் அளவுரு ‘போஸ்ட்’ ஆக வரும்போது ஃபேன்கன்ட்ரோலை மறுதொடக்கம் செய்யச் சொல்லுங்கள். செயல்படுத்தும் அனுமதி கொடுக்க மறந்தால் ஸ்கிரிப்ட் ஓடாது, பிழையும் சொல்லாது.

மடிக்கணினி விசிறியை நேரடியாகக் கட்டுப்படுத்த முடியுமா?

மாடலைப் பொறுத்தது. திங்க்பேடில் தாராளமாக. மோட்ப்ரோப்.டி கோப்புறையில் ‘ஆப்ஷன்ஸ் திங்க்பேட்_ஏசிபிஐ ஃபேன்_கன்ட்ரோல்=1’ என்ற வரி போட்டு மறுதொடக்கம் செய்தால் /ப்ராக்/ஏசிபிஐ/ஐபிஎம்/ஃபேன் கோப்பில் ‘லெவல் 2’ என்று எழுத முடியும். 0 முதல் 7 வரை படிகள். ‘லெவல் ஆட்டோ’ எழுதினால் ஃபர்ம்வேர் கைக்குத் திரும்பும். கையால் படி வைத்துவிட்டு மறந்துபோவது ஆபத்து என்பதால் அதே கோப்பில் ‘வாட்ச்டாக் 60’ என்று எழுதலாம். 60 நொடிக்கு உங்களிடமிருந்து கட்டளை வராவிட்டால் விசிறி பாதுகாப்பு நிலைக்குப் போகும். தினசரிப் பயன்பாட்டுக்கு ‘திங்க்ஃபேன்’ இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும்.

டெல்லில் ‘டெல்-எஸ்எம்எம்-ஹெச்டபிள்யூமான்’ டிரைவர். சில மாடல்களில் நீங்கள் வைத்த வேகத்தை பயாஸ் உடனே மாற்றிவிடும். அசுஸ் கேமிங் மாடல்களுக்கு ‘அசுஸ்சிடிஎல்’. இன்டெல் மேக்புக்கில் ‘எம்பிபிஃபேன்’. மற்றவற்றுக்கு ‘என்பிஎஃப்சி-லினக்ஸ்’ இருக்கிறது. அது எம்பெடட் கன்ட்ரோலரின் பதிவுகளில் நேரடியாக எழுதும் நிரல் என்பதால், உங்கள் மாடலுக்கென்றே உள்ள அமைப்புக் கோப்பு இல்லாமல் ‘கிட்டத்தட்ட இதே மாடல்’ என்று துணிய வேண்டாம்.

கிராஃபிக்ஸ் கார்டின் விசிறி?

ஏஎம்டி கார்டு ஹெச்டபிள்யூமானிலேயே தெரியும், பிடபிள்யூஎம்1 கோப்பும் இருக்கும். ரேடியான் ஆர்எக்ஸ் 7000 வரிசையில் அந்தக் கோப்பு வழி வேலை செய்யாது, கர்னல் 6.7இலிருந்து ‘ஜிபியு_ஓடி/ஃபேன்_சிடிஆர்எல்’ கோப்புறையில் வளைவையே எழுத வேண்டும், அதற்கு ஓவர்டிரைவ் வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். கையால் செய்யாதீர்கள், ‘லாக்ட்’ என்ற நிரல் எளிது.

என்விடியாவின் சொந்த டிரைவரில், எக்ஸ் என்ற பழைய திரை அமைப்பில் ‘கூல்பிட்ஸ்’ மதிப்பை 4 என்று வைத்தால் என்விடியா-செட்டிங்ஸில் விசிறி ஸ்லைடர் வரும். புதிய திரை அமைப்பான வேலண்டில் கூலர்கன்ட்ரோலோ லாக்ட்டோ போதும். திறமூல நூவோ டிரைவரில், மேக்ஸ்வெல் வகை என்விடியா சில்லுகளின் இரண்டாம் தலைமுறை முதல் விசிறியைத் தொட என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் தேவைப்பட்டதால் கட்டுப்பாடு வெகு காலம் எட்டாமலே இருந்தது. அத்தகைய கார்டு இரைந்தால் டிரைவரை மாற்றுவதே சுருக்கு வழி.

பழைய சர்வர் ஒன்றில் அமைதியான விசிறி போட்டேன். சில நொடிக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து அலறி அடங்குகின்றன.

மெதுவாகச் சுற்றும் புது விசிறியை, செத்துப்போன விசிறி என்று பிஎம்சி (சர்வரைக் கண்காணிக்கும் தனிச் சில்லு) நினைக்கிறது. அதன் கீழ் வரம்பு 500 என்று இருந்து உங்கள் விசிறி 400இல் சுற்றினால், மற்ற அனைத்தையும் முழு வேகத்துக்கு முடுக்கும், முடுக்கியதும் இதுவும் 500ஐத் தாண்டும், ‘சரியாகிவிட்டது’ என்று குறைக்கும், மறுபடி தொடக்கம். ‘ஐபிஎம்ஐடூல் சென்சர்’ ஓட்டி விசிறியின் பெயரையும் வரம்புகளையும் பார்த்து, ‘ஐபிஎம்ஐடூல் சென்சர் த்ரெஷ் ஃபேன்1 லோயர் 100 200 300’ என்று வரம்பைக் கீழே இறக்குங்கள்.

ராஸ்பெரி பை 5?

அதிகாரபூர்வ விசிறி 50 டிகிரியில் தொடங்கி 60, 67.5, 75 என்று நான்கு படியாக வேகமெடுக்கும். சும்மா இருக்கும்போதே 50ஐத் தொட்டுத் தொட்டுத் தொல்லை தந்தால், கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் ‘டிடிபாரம்=ஃபேன்_டெம்ப்0=55000’ சேர்த்து முதல் படியை 55க்குத் தள்ளுங்கள்.

தூசியைத் துடைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காற்று அடிக்கும்போது இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாராளமாகச் சுற்றவிட்டால் விசிறி தன் வரம்பைத் தாண்டிச் சுழன்று பேரிங் கெடும். மடிக்கணினியில் வெளியேறும் துளை வழியாக மட்டும் ஊதினால் தூசிக் கட்டி உள்ளே போய் விசிறியில் சிக்கும். அடிமூடியைத் திறந்து, முதலில் மின்கல இணைப்பைக் கழற்றிவிட்டு, விசிறிக்கும் வெப்பத்தகட்டுக்கும் நடுவில் படிந்ததை எடுங்கள்.

விசிறியை மாற்றிவிடுவதே நல்லது என்று எப்போது முடிவு செய்யலாம்?

பேரிங் கரகரத்தால் மாற்றுங்கள். எண்ணெய் விட்டால் சில வாரம் அமைதி கிடைக்கும், அவ்வளவுதான்.

காற்றிரைச்சல் என்றால் பெரிய விசிறியை மெதுவாக ஓட்டுவது கணக்குப்படி பெரிய லாபம். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதிதான் குறையும். சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கும். ஒரே மாதிரி விசிறி இன்னொன்று சேர்த்தால் 3 டெசிபல்தான் கூடும். ஆகவே முழு வேகத்தில் ஓடும் ஒன்றைவிட பாதி வேகத்தில் ஓடும் இரண்டு, கிட்டத்தட்ட அதே காற்றைத் தந்து எவ்வளவோ அமைதியாக இருக்கும். பெட்டியில் இடமிருந்தால் 80 மில்லிமீட்டரை விட்டு 120க்கோ 140க்கோ போங்கள்.

மாற்றிய பிறகு பழைய ஃபேன்கன்ட்ரோல் கோப்பை அப்படியே விடாதீர்கள். மின்ஸ்டார்ட், மின்ஸ்டாப் எண்கள் விசிறிக்கு விசிறி வேறு. பழைய விசிறி 40இல் ஓடியிருக்கும், புதியது 40இல் அசையாமல் நிற்கலாம். பிடபிள்யூஎம்கான்ஃபிக்கை இன்னொரு முறை ஓட்டி அளந்துகொள்ளுங்கள்.